புதிதாக யாரும் சேராத வகுப்பு: ஓய்வுக்காலத்தில் பள்ளித் தோழமை

சிங்கப்பூரின் உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளியில் படித்தவர்களில் இன்று இளையர் என்று யாரும் இல்லை. அந்தப் பள்ளி 1982ல் மூடப்பட்டது. அப்போது 16 வயதில் இருந்த மாணவர் 1966ல் பிறந்தவராக இருப்பார். 2026ல் அவருக்கு 60 வயது. அவரைப் போன்றவர்கள்தான் அந்தப் பள்ளியின் ‘சின்னப் பிள்ளைகள்’. 1960களின் முற்பகுதியில் அங்கே படித்தவர்கள் எண்பதை நெருங்கிவிட்டார்கள்.

மற்ற பள்ளிகளின் முன்னாள் மாணவர் சங்கங்களில் ஆண்டுதோறும் புதிய முகங்கள் சேரும். மூத்தவர் ஒருவர் மறைந்தாலும் பட்டியலின் மறுமுனையில் நாற்பது பேர் சேர்ந்திருப்பார்கள். மூடிய பள்ளிக்கு அது இல்லை. அங்கே வரவு நின்றுவிட்டது. செலவு மட்டும் தொடர்கிறது.

சற்று யோசித்தால், இது அந்த ஒரு பள்ளிக்கு மட்டும் உரியதன்று. எந்தப் பள்ளியிலும், எந்தக் கல்லூரியிலும் ஒருவருடைய வகுப்பு என்பது ஒருமுறை மட்டுமே சேர்க்கப்பட்ட கூட்டம். அறுபது வயதில் புதிய நண்பர்களைத் தேடிக்கொள்ளலாம். புதிய வகுப்புத் தோழரைத் தேடிக்கொள்ள முடியாது. ஓய்வுபெற்ற பிறகு அந்தக் கூட்டத்தை என்ன செய்வது, அதனால் என்ன பயன், அதைக் காப்பது எப்படி என்பது பேட்டையிலும் நகரத்திலும் வாழும் பல மூத்தோர் எதிர்நோக்கும் கேள்வி.

மேக்ஸ்வெல் ரோட்டிலிருந்து பீட்டி ரோட்டுக்கு

உமறுப் புலவர் பள்ளியைத் தொடங்கியது சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக். ஆண்டு 1946. தென்காசிப் பக்கத்துக் கடையநல்லூரிலிருந்து வந்த குடும்பங்கள் அந்நாளில் தஞ்சோங் பகார் வட்டாரத்தில் செறிந்து வாழ்ந்தன. அவர்களின் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தறிவிக்க எழுந்த பள்ளிக்கு, ‘சீறாப்புராணம்’ பாடிய உமறுப் புலவரின் பெயரைச் சூட்டினார்கள்.

மேக்ஸ்வெல் ரோட்டில் இயங்கிய அந்தப் பள்ளி 1960ல் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்தது. தமிழையே பயிற்று மொழியாகக் கொண்ட ஒரே உயர்நிலைப் பள்ளி என்பதால் தீவின் பல மூலைகளில் இருந்த தமிழ்த் தொடக்கப் பள்ளிகளின் பிள்ளைகளுக்கு மேற்படிப்புக்கு அதுவே வாசல். கடையநல்லூர்ப் பிள்ளையும் தஞ்சாவூர்ப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். இஸ்லாமியர், இந்து, கிறிஸ்துவர் என்ற வேறுபாடு அங்கே இல்லை.

ஆனால் காலம் வேறு திசையில் சென்றது. வேலைக்கு ஆங்கிலம் தேவை என்று பெற்றோர் கருதத் தொடங்கியதும் ஆங்கிலப் பள்ளிகளை நாடினார்கள். தமிழ்ப் பள்ளிகளில் மாணவர் எண்ணிக்கை சரிந்து, 1982ல் உமறுப் புலவர் பள்ளியும் மூடப்பட்டது. அடுத்த ஆண்டு அதே பெயரில் தமிழ் மொழி நிலையம் ஒன்று தோன்றியது. இன்று அந்த நிலையம் லிட்டில் இந்தியாவை ஒட்டிய பீட்டி ரோட்டில், சிண்டாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பெயர் வாழ்கிறது, வகுப்புகளும் நடக்கின்றன. ஆனால் அது தமிழில் கணக்கும் அறிவியலும் கற்றுத் தந்த பழைய பள்ளியன்று.

சீன சமூகத்திலும் இதற்கு இணையான கதை உண்டு. டான் லார்க் சை முன்னின்று திரட்டிய நிதியில், பணக்காரர்களோடு டிரைஷா ஓட்டுநர்களும் சிறு வியாபாரிகளும் தந்த காசில் எழுந்தது நன்யாங் பல்கலைக்கழகம். 1956ல் வகுப்புகள் தொடங்கின. 1980ல் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டு, இன்றைய சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் உருவானது. அதன் பட்டதாரிகளுக்கும் இனி இளையவர் இல்லை. ஆனாலும் அவர்களின் பெயர்ப் பட்டியல் தொலையவில்லை. 1996ல் அந்தப் பட்டியலை நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டது. நிறுவனம் போனாலும் பட்டியல் பிழைத்தால் உறவும் பிழைக்கும் என்பதற்கு அது ஒரு சான்று.

சிதறியது எப்படி, சேர்ந்தது எப்படி

1960ல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தொடங்கப்பட்டது. அடுத்த இருபது, முப்பது ஆண்டுகளில் கம்பங்களிலும் கடைவீட்டு மாடிகளிலும் குடியிருந்த குடும்பங்கள் புதிய பேட்டைகளுக்கு இடம்பெயர்ந்தன. ஒரே தெருவில் வளர்ந்தவர்களில் ஒருவர் புக்கிட் மேராவுக்கும் இன்னொருவர் அங் மோ கியோவுக்கும் மற்றொருவர் ஈசூனுக்கும் போனார்கள். 1971ல் பிரிட்டிஷ் படைகள் வெளியேறியபோது செம்பவாங் கடற்படைத் தளத்தை நம்பியிருந்த தமிழ்க் குடும்பங்கள் பல ஊர் திரும்பின. அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் வகுப்பிலிருந்து பாதியில் காணாமல் போனார்கள்.

பெண் தோழியரைத் தேடுவது இன்னும் கடினம். அப்பாவின் பெயரோடு பள்ளிப் பதிவேட்டில் இருந்தவர் திருமணத்துக்குப் பின் கணவர் பெயரோடு அறியப்பட்டிருப்பார். வீடும் தொலைபேசி எண்ணும் மாறியிருக்கும். ஆண்கள் தேக்காவில் எதிர்ப்பட்டுத் தோளில் தட்டிக்கொள்ளலாம். பெண்களுக்கு அந்த வாய்ப்பும் குறைவு. பல வகுப்புகளின் ஒன்றுகூடலில் ஆண்களே மிகுதியாகத் தெரிவதற்கு விருப்பமின்மை காரணமன்று. அவர்களைத் தேடிய முயற்சி போதவில்லை என்பதே காரணம்.

வாட்ஸ்அப் வந்தபின் நிலைமை மாறியது. ஒருவர் இருவரைச் சேர்க்க, அந்த இருவர் நால்வரைச் சேர்க்க, நாற்பது ஆண்டுகளாகத் தெரியாதிருந்தவர்கள் ஒரே குழுவில் வந்து விழுந்தார்கள். காலையில் பூப்படம், மதியம் மருத்துவக் குறிப்பு, மாலையில் பழைய பாட்டு, இடையில் ஓர் இரங்கல் செய்தி என்று குழு ஓடுகிறது.

தமிழ்நாட்டில் பட்டம் பெற்று 1990களில் இங்கு வேலைக்கு வந்தவர்களும் இப்போது ஐம்பதைத் தாண்டி ஓய்வை எண்ணத் தொடங்கிவிட்டார்கள். திருச்சியில் 1951ல் தொடங்கப்பட்ட ஜமால் முகமது கல்லூரி போன்றவற்றின் முன்னாள் மாணவர்கள் சிங்கப்பூரில் சங்கமாகவே இயங்குகிறார்கள். அவர்களுக்கு இளையவர் வரத்து இருக்கிறது. ஆனால் சொந்த வகுப்பு சென்னை, துபாய், அமெரிக்கா என்று பரவிக் கிடக்கிறது. இங்கே நள்ளிரவு என்றால் அங்கே நண்பகல். அருகில் இருந்து கைகொடுக்க வேண்டிய நேரத்தில் அந்தத் தொலைவு தெரியும்.

பழைய தோழரிடம் அப்படி என்ன இருக்கிறது?

முதியோரிடம் வாழ்க்கையில் மறக்க முடியாதவற்றைச் சொல்லச் சொன்னால், அவர்கள் சொல்பவற்றில் பெரும்பங்கு ஏறத்தாழ 10 வயது முதல் 30 வயதுவரை நடந்தவையாகவே இருக்கும். உளவியல் ஆய்வுகளில் இது பலமுறை உறுதியாகியுள்ளது. அந்த வயதில்தான் மனிதர் முதன்முறையாகப் பலவற்றைச் செய்கிறார். தான் யார் என்று தீர்மானித்துக்கொள்கிறார். அந்த ஆண்டுகளுக்குச் சாட்சி பெற்றோர், உடன்பிறந்தோர், பள்ளித் தோழர்கள். பெற்றோர் போய்ச் சேர்ந்த பிறகு, ஒருவரை அவர் பதினைந்து வயதில் எப்படி இருந்தார் என்று தெரிந்தவர்கள் மிகச் சிலரே.

ஓய்வுபெற்றவர் இழப்பது சம்பளத்தை மட்டுமன்று. நாற்பது ஆண்டுகள் ‘சார்’ என்றோ ‘டீச்சர்’ என்றோ ‘சூப்பர்வைசர்’ என்றோ அழைக்கப்பட்டவருக்கு மறுநாள் காலையில் அந்தப் பெயர் இல்லை. வகுப்புத் தோழர் ஒருவர்தான் அந்தப் பதவிகளுக்கு முன்பிருந்த பட்டப்பெயரால் கூப்பிடக்கூடியவர். வேலை வருவதற்கு முன்பும் தாம் ஓர் ஆளாக இருந்தது அப்போது நினைவுக்கு வருகிறது.

கல்லூரித் தோழர்களைக் கொண்டே இதை நீண்டகாலம் ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் 1938ல் தொடங்கிய ஆய்வு அது. தொடக்கத்தில் அதில் 268 மாணவர்கள் இருந்தார்கள். பின்னாளில் அதிபரான ஜான் எஃப். கென்னடியும் அவர்களில் ஒருவர். பாஸ்டன் நகரின் ஏழைக் குடியிருப்புகளில் வளர்ந்த 456 சிறுவர்களைப் பற்றிய இன்னோர் ஆய்வும் பிறகு இதோடு இணைந்தது. வாலிபம், வேலை, திருமணம், போர், ஓய்வு, மரணம்வரை அவர்களைப் பின்தொடர்ந்தார்கள். 50 வயதில் தம் உறவுகளில் மனநிறைவோடு இருந்தவர்களே 80 வயதில் கூடுதல் ஆரோக்கியத்துடன் இருந்தார்கள் என்றும் அந்த வயதில் எடுத்த கொழுப்புச்சத்து அளவைவிட உறவின் நிறைவே முதுமையை நன்றாக முன்கூட்டிச் சொன்னது என்றும் ஆய்வை வழிநடத்தும் டாக்டர் ராபர்ட் வால்டிங்கர் விளக்கியுள்ளார்.

உலகில் ஆறில் ஒருவர் தனிமையுணர்வால் பாதிக்கப்பட்டிருப்பதாக உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆணையம் 2025ல் கூறியது. சிங்கப்பூரில் 2030ஆம் ஆண்டுவாக்கில் குடிமக்களில் நால்வரில் ஒருவர் 65 வயதைத் தாண்டியிருப்பார். பக்கத்து வீட்டுக் கதவு சாத்தியே இருக்கும் அடுக்குமாடி வாழ்க்கையில், கேட்காமலே தொலைபேசியில் அழைத்து “சாப்பிட்டியா?” என்று கேட்கும் தோழர் சிறிய செல்வமன்று.

ஒரே வகுப்பறை, மூன்று தலைமுறை

இந்த உறவு உணர்வோடு நின்றுவிட வேண்டியதில்லை. ஒரே வயதினர் என்பதால் ஒரே கேள்விகள், ஒரே படிவங்கள், ஒரே கெடுக்கள் அவர்கள் முன் நிற்கின்றன. ஒருவர் தெரிந்துகொண்டால் நாற்பது பேருக்குப் பயன்.

உமறுப் புலவர் பள்ளியின் முன்னாள் மாணவர்களையே எடுத்துக்கொள்ளலாம். 1964ல் 16 வயதாக இருந்தவர் 1948ல் பிறந்தவர். 1949 டிசம்பர் 31க்குள் பிறந்து 1986 முடிவதற்குள் குடியுரிமை பெற்றவர்கள் முன்னோடித் தலைமுறையினர். பலதுறை மருந்தகங்களில் கழிவுக்குப் பிந்தைய கட்டணத்தில் அவர்களுக்கு மேலும் 50 விழுக்காடு தள்ளுபடி உண்டு. 1972ல் 16 வயதாக இருந்தவர் 1956ல் பிறந்தவர். 1950 முதல் 1959 வரை பிறந்து 1996 முடிவதற்குள் குடிமக்களானவர்கள் மெர்டேக்கா தலைமுறையினர். அவர்களுக்கு மேலும் 25 விழுக்காடு. 1982ல் 16 வயதாக இருந்தவர் இரண்டிலும் சேரமாட்டார். 1973ஆம் ஆண்டிலோ அதற்கு முன்போ பிறந்தவர்களுக்கான மாஜுலா தொகுப்புத் திட்டம் அவருக்கு உரியது. அண்ணன், தம்பி போல ஒரே பள்ளியில் படித்தவர்கள் மூன்று வெவ்வேறு அட்டவணைகளில் இருக்கிறார்கள். ஆகவே “எனக்குக் கிடைத்தது, உனக்கும் கிடைக்கும்” என்று சொல்வதற்குமுன் பிறந்த ஆண்டைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மத்திய சேமநிதியிலும் அப்படி ஒரு கோடு உண்டு. 1958ஆம் ஆண்டிலோ அதற்குப் பின்போ பிறந்து, 65 வயதை எட்டுவதற்கு ஆறு மாதங்களுக்குமுன் ஓய்வுக்காலக் கணக்கில் குறைந்தது 60,000 வெள்ளி வைத்திருக்கும் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மசேநி லைஃப் திட்டத்தில் தாமாகவே சேர்க்கப்படுகிறார்கள். அவர்களுக்கு உயிரோடு இருக்கும்வரை மாதந்தோறும் பணம் வரும். அதற்குமுன் பிறந்தவர்களில் பலர் பழைய ஓய்வுக்காலத் தொகைத் திட்டத்தில் இருக்கிறார்கள். அதில் கணக்கில் உள்ள பணம் தீர்ந்தால் மாத வழங்குதொகையும் நின்றுவிடும். அப்படிப்பட்டவர் 80 வயதாவதற்குமுன் விண்ணப்பித்து லைஃப் திட்டத்துக்கு மாறலாம். எழுபதுகளில் இருக்கும் ஒரு வகுப்புக்கு இது அவசரமான தகவல். மாறுவது எல்லாருக்கும் ஏற்றது என்று சொல்ல முடியாது. ஆனால் இப்படியொரு வழி இருப்பதே தெரியாமல் அந்த வயதைக் கடந்துவிடக் கூடாது.

வழங்குதொகையை 65 வயதில் தொடங்கலாம். 70 வயதுவரை தள்ளிப்போடவும் செய்யலாம். லைஃப் திட்டத்தில் தள்ளிப்போடும் ஒவ்வோர் ஆண்டுக்கும் மாதத் தொகை 7 விழுக்காடுவரை கூடும். இன்னும் வேலை பார்க்கும் இளைய அணியினருக்கு இது பொருந்தும். சட்டப்படியான ஓய்வு வயது 2022 ஜூலையில் 63 ஆனது. மறுவேலை நியமன வயது 68 ஆனது. 2026 ஜூலை முதல் அவை 64, 69. 2030க்குள் 65, 70 ஆக உயர்த்துவது அரசாங்கத்தின் திட்டம்.

பேசத் தயங்கும் இரண்டு படிவங்கள்

தமிழ்க் குடும்பங்களில் மரணத்தைப் பற்றிப் பிள்ளைகளோடு பேசுவது எளிதன்று. “அபசகுனமாப் பேசாதீங்க” என்று வாயை அடைத்துவிடுவார்கள். ஒரே வயதுடைய தோழரிடம் அந்தத் தடை இல்லை. இரண்டு படிவங்களைப் பற்றிய பேச்சை அங்கேதான் தொடங்க முடியும்.

முதலாவது, மசேநி நியமனம். உயில் எழுதிவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். மசேநி சேமிப்பு உயிலில் அடங்காது. யாருக்குச் சேர வேண்டும் என்று தனியாக நியமனம் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் பணம் பொது அறங்காவலரிடம் செல்லும். அவர் வாரிசுரிமைச் சட்டப்படி, முஸ்லிம்களாயின் முஸ்லிம் வாரிசுரிமைச் சட்டப்படி, பகிர்ந்தளிப்பார். அதற்குக் காலம் பிடிக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அம்மா பெயரை எழுதிக் கொடுத்தவர்களும் கவனிக்க வேண்டும். திருமணம் ஆனதும் முந்தைய நியமனம் ரத்தாகிவிடும். ஆனால் மணவிலக்கால் அது ரத்தாகாது.

இரண்டாவது, எல்பிஏ என்று சுருக்கமாக அறியப்படும் நீடித்த அதிகாரப் பத்திரம். மனத்திறனை இழந்தால் தம் சார்பில் முடிவெடுக்க நம்பிக்கைக்குரிய ஒருவரை முன்கூட்டியே நியமிப்பது அது. சான்றளிக்க அங்கீகரிக்கப்பட்ட மருத்துவரோ வழக்கறிஞரோ வேண்டும். பொதுக் காப்பாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். மனம் தெளிவாக இருக்கும்போது மட்டுமே செய்ய முடியும் என்பதுதான் இதில் முக்கியம். நோய் வந்த பிறகு செய்ய நினைத்தால் கதவு மூடியிருக்கும். குடும்பம் நீதிமன்றத்தை நாட வேண்டி வரும்.

“நான் யாருன்னு தெரியுதா?”

நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு அழைக்கும் உண்மையான வகுப்புத் தோழர் பெரும்பாலும் இப்படித்தான் பேச்சைத் தொடங்குவார். மோசடிக்காரரும் இப்படித்தான் தொடங்குவார்.

போலி நண்பர் அழைப்பு மோசடி சிங்கப்பூரில் காவல்துறை திரும்பத் திரும்ப எச்சரிக்கும் ஒன்று. தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வரும். பெயரைச் சொல்லாமல், யாரென்று ஊகிக்கச் சொல்வார்கள். இந்தப் பக்கம் இருப்பவர் ஒரு பெயரைச் சொன்னதும் “ஆமாம், அவன்தான்” என்று ஒட்டிக்கொள்வார்கள். புது எண்ணைச் சேமித்துக்கொள்ளச் சொல்வார்கள். ஓரிரு நாள் கழித்து மருத்துவச் செலவு, வங்கிக் கணக்கு முடக்கம் என்று ஏதாவது காரணத்தைச் சொல்லிப் பணம் கேட்பார்கள். பழைய நட்பின் மீதுள்ள பாசமே இங்கு பொறி.

தற்காப்பு எளிது. பெயரை நாமே எடுத்துக் கொடுக்கக் கூடாது. வகுப்பில் இருந்தவருக்கு மட்டுமே தெரிந்ததைக் கேட்கலாம்: கணக்கு ஆசிரியரின் பட்டப்பெயர், பக்கத்தில் உட்கார்ந்தவர் யார், பள்ளி விட்டதும் எந்தக் கடைக்குப் போவோம். உண்மையான தோழர் கோபிக்க மாட்டார். சிரித்துக்கொண்டே பதில் சொல்வார். பணம் கேட்டால் பழைய எண்ணுக்கோ குழுவில் இன்னொருவருக்கோ அழைத்து உறுதிசெய்த பிறகுதான் எதையும் செய்ய வேண்டும். சந்தேகம் இருந்தால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு உதவி எண்ணை அழைக்கலாம்.

வராதவர்கள்

ஒன்றுகூடல் படத்தில் சிரிப்பவர்களை எல்லாரும் பார்க்கிறார்கள். படத்தில் இல்லாதவர்களைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும். சிலர் உடல்நலமில்லாமல் வராதவர்கள். சிலர் மனைவியையோ கணவரையோ பார்த்துக்கொள்ள வேண்டியதால் வீட்டைவிட்டு நகர முடியாதவர்கள். இன்னும் சிலர் வெட்கத்தால் வராதவர்கள். ஒருவர் கொண்டோவில் இருக்கிறார், ஒருவர் ஈரறை வாடகை வீட்டில் இருக்கிறார். ஒருவருடைய மகன் மருத்துவர், ஒருவருடைய மகன் பேசுவதில்லை. “பிள்ளைங்க என்ன பண்றாங்க?” என்ற சாதாரணக் கேள்விகூட அவருக்குக் குத்தும்.

நட்சத்திர ஹோட்டல் விருந்தைவிடத் தேக்கா உணவங்காடியிலோ 1947 முதல் சிராங்கூன் ரோட்டில் இருக்கும் கோமளவிலாஸ் போன்ற இடத்திலோ மாதம் ஒருமுறை தேநீருக்குக் கூடுவது பலருக்கு ஏற்றது. செலவு குறைவு, எம்ஆர்டி பக்கம், கழிவறை, மின்தூக்கி வசதியைப் பார்த்துக்கொண்டால் கைத்தடியோடும் வரலாம். இரவைவிடக் காலை நேரம் நல்லது. வர இயலாதவரின் புளோக்குக்கே நால்வர் போய்க் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து பேசிவிட்டு வந்தாலும் அது ஒன்றுகூடல்தான்.

நினைவாற்றல் குறைவதை முதலில் கவனிப்பவரும் தோழராக இருக்கலாம். மனநலக் கழகத்தின் ஆய்வின்படி 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் முதுமை மறதி நோய் உள்ளோர் 2013ல் பத்தில் ஒருவர். 2023ல் அது 8.8 விழுக்காடாகக் குறைந்திருந்தது. விகிதம் குறைந்தாலும் மூத்தோர் எண்ணிக்கை கூடுவதால் நோய் அரிதாகிவிடவில்லை. ஒரே கேள்வியைக் குழுவில் திரும்பத் திரும்பக் கேட்பவரை, வழக்கமாக வந்த இடத்துக்கு வழி தவறியவரைக் கேலி செய்யாமல், குடும்பத்தாரிடம் மெதுவாகச் சொல்வதே தோழமை.

வகுப்பால் எல்லாம் செய்ய முடியாது. தனியாக வாழும் தோழருக்குப் பக்கத்துப் புளோக்கில் இருக்கும் துடிப்பாக மூப்படைதல் நிலையத்தை அறிமுகம் செய்யலாம். தீவெங்கும் இத்தகைய 200க்கும் மேற்பட்ட நிலையங்கள் உள்ளன. உடற்பயிற்சி, சேர்ந்து சாப்பிடுதல், வீடு தேடிவந்து நலம் விசாரித்தல் ஆகியவை அங்கே உண்டு. பராமரிப்பு உதவி பற்றிக் கேட்க ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பின் எண் 1800-650-6060. மனம் மிகத் தளர்ந்து உயிரை வெறுத்துப் பேசும் தோழருக்கு எஸ்ஓஎஸ் அமைப்பின் 1767 என்ற எண் 24 மணி நேரமும் இருக்கிறது.

பட்டியல் யாரிடம்?

ஒவ்வொரு வகுப்பிலும் ஒருவர் இருப்பார். யார் எங்கே இருக்கிறார், யாருக்கு அறுவைச் சிகிச்சை, யார் வீட்டில் கல்யாணம் என்று அவருக்குத்தான் தெரியும். அழைப்பதும் அவர், கணக்கு வைப்பதும் அவர், இறுதிச்சடங்கு எத்தனை மணிக்கு என்று சொல்வதும் அவர். பல குழுக்கள் இந்த ஒருவரின் தொலைபேசியில்தான் உயிர் வாழ்கின்றன. அவர் படுத்துவிட்டால் வகுப்பும் கலைந்துவிடும்.

ஆகவே முதல் வேலை, அந்தப் பட்டியலை இருவராவது வைத்திருப்பது. பெயர், பட்டப்பெயர், எண், இருக்கும் பேட்டை. அதோடு அவசரத்துக்கு அழைக்கக்கூடிய மகன் அல்லது மகளின் எண்ணும் வேண்டும். பல நாள் குழுவில் சத்தமில்லாத தோழரைப் பற்றிக் கேட்க யாரை அழைப்பது என்று தெரியாமல் திகைக்கும் நிலை அப்போது வராது. அந்த எண்களைச் சம்மதம் கேட்டுப் பெறுவதும், குழுவில் பொதுவாகப் போடாமல் இருவரிடம் மட்டும் வைப்பதும் நல்லது.

இரண்டாவது, தொலைபேசி முறை. நாற்பது பேர் நாற்பது பேரைக் கவனிக்க முடியாது. ஒருவர் மூவரைப் பொறுப்பேற்று வாரம் ஒருமுறை குரலில் பேசினால் போதும். காலை வணக்கப் படம் அனுப்பியவர் நலமாக இருக்கிறார் என்று கொள்ள முடியாது. குரலைக் கேட்டால் தெரிந்துவிடும்.

மூன்றாவது, மரணச் செய்தியில் நிதானம். குடும்பத்தார் சொல்லாமல் குழுவில் போடுவதால், உறவினரே வாட்ஸ்அப்பில் தெரிந்துகொள்ளும் கொடுமை நேர்கிறது. ஒருவர் குடும்பத்தை அழைத்து உறுதிசெய்த பிறகு, நேரத்தையும் இடத்தையும் அவர்கள் சொன்னபடி பகிர்வது முறை. இஸ்லாமியத் தோழராயின் நல்லடக்கம் விரைவில் நடந்துவிடும். செய்தி தாமதித்தால் முகம் பார்க்க முடியாது. அதனால் யார் அழைப்பது என்று முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.

நான்காவது, நினைவுகள். மூடிய பள்ளியின் படங்கள், விளையாட்டு விழாச் சான்றிதழ்கள், மாணவர் மலர்கள் ஆகியவை இன்று தனிவீடுகளின் அலமாரிகளில்தான் இருக்கின்றன. வீட்டைக் காலி செய்யும்போது பிள்ளைகளுக்கு அவை பழைய காகிதம். படத்தின் பின்னால் யார் யார் என்று இப்போதே எழுதி வைப்பதும், கேம்பல் லேனில் 2015 முதல் இயங்கும் இந்திய மரபுடைமை நிலையம், தேசிய நூலகம், தேசிய ஆவணக் காப்பகம் போன்றவற்றை அணுகிக் கேட்பதும் பயன் தரும். படத்தில் நிற்பவர்களை அடையாளம் காட்டத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை இது.

பதினாறு வயதில் யாரும் தோழரைத் தேர்ந்தெடுப்பதில்லை. வருகைப் பதிவேடுதான் சேர்த்துவைத்தது. அறுபதுக்குப் பிறகு பதிவேடு எடுக்க ஆசிரியர் யாரும் இல்லை. பெயர் கூப்பிட வேண்டியவர்களும் ‘உள்ளேன்’ சொல்ல வேண்டியவர்களும் அதே மாணவர்கள்தான். நெடுநாளாகப் பதில் வராத ஒரு பெயர் ஒவ்வொரு குழுவிலும் இருக்கும். முதல் அழைப்பு அவருக்குப் போகட்டும்.